பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெயர்

14

வாசலில் தொங்கும் பலகையை இதற்குள் தெருவே வந்து படித்துவிட்டது. 'டாக்டர் வாண்டர்லான் பின்யேரோ பெசேரா' என்று நீல எழுத்து, பக்கத்தில் பாம்பு சுற்றிய கம்பு. வரைந்தவனுக்குப் பாம்பு சரியாக வரவில்லை, மண்புழு மாதிரி இருந்தது. டாக்டரும் இன்னும் முழுசாக வந்தபாடில்லை. பொலிவியாவில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தவன், பிரேசிலில் ஓர் ஊசி போட வேண்டுமானாலும் ரெவலிதா என்ற உரிமத் தேர்வில் தேற வேண்டும். தேறுவதற்கு முன்னால் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்னால் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். இந்த மூன்றும் நடப்பதற்குள்ளேயே பலகை ஏறிவிட்டது. ஏற்றியவர் அப்பா அரிஸ்தேவ்.

வியாழன் மாலை கணினியில் பதில் வந்தது. 'விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.' அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் அன்று இரவு அந்த வீடு படுக்கப் போனது. தூங்கியதாக யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. மேசையில் சோள உப்புமா, அதன்மேல் கொத்துக்கறி, அதன்மேல் பொரித்த முட்டை. யாரும் தொடவில்லை. அப்பா எழுந்து நின்றார். எழுத்தில் இருக்கும் எதையும் அவர் உட்கார்ந்து படித்ததில்லை, சோப்புத்தூள் உறை உட்பட. முப்பத்தொரு வருஷம் ஊரின் பிறப்பு, இறப்புப் பதிவாளர்.

"தேர்வு எழுதத் தகுதிகள்," என்று தொண்டையைச் செருமினார். "ஒன்று. பிரேசில் குடிமகனாகவோ, இங்கே சட்டப்படி வசிப்பவராகவோ இருக்க வேண்டும். இரண்டு. வரி எண் வேண்டும். மூன்று. படித்த கல்லூரி அந்த நாட்டு அரசு ஏற்றதாக இருக்க வேண்டும். நான்கு. பட்டத்தில் அந்த நாட்டு அரசின் சான்று முத்திரை வேண்டும். ஐந்து." இங்கே கண்ணாடியைக் கழற்றி மகனைப் பார்த்தார். "பட்டத்தில் உள்ள பெயரும் விண்ணப்பதாரரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நீ அஞ்சாவதுல விழுந்திருக்க. அந்தப் பட்டம் யாரோடது?"

"என்னோடதுதான்பா."

"உன்னோடதுன்னா உன் பேருல்ல இருக்கணும்? ஆறு வருஷம் அங்க படிச்சியா, இல்ல டயர் வித்துக்கிட்டு இருந்தியா?"

வாண்டர்லான் முட்டையின் மஞ்சளை முள்கரண்டியால் குத்தினான். இருபத்தொன்பது வயது. அக்காவின் மருந்துக்கடையில் வயசானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக் கொடுத்துக்கொண்டு காத்திருக்கிறான். போன வருஷமே முத்திரை வர நேரமாகித் தேர்வு தவறியது. இந்த முறையும் போனால் இன்னொரு வருஷம்.

அக்கா ஜுசிலேனிக்கும் சந்தேகம் இருந்தது. பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து தம்பி அதை ஒரு நீல உறைக்குள்ளேயே வைத்திருந்தான். பலகை மாட்டின அன்றைக்குக்கூட வெளியே எடுக்கவில்லை. மற்றவன் என்றால் சட்டம் போட்டுச் சுவரில் அடித்திருப்பான்.

"உறையக் கொண்டாடா," என்றாள்.

கொண்டு வந்தான். கெட்டியான காகிதம், பொன் நிற முத்திரை. நடுவில் பெரிய எழுத்தில் வாண்டர்லான் பெசேரா பின்யேரோ.

வாசல் பலகையில் இருப்பது பின்யேரோ பெசேரா. பின்யேரோ என்றால் பைன் மரம், அம்மா வீட்டுப் பெயர். பெசேரா என்றால் கிடேரிக் கன்று, அப்பா வீட்டுப் பெயர். எங்கள் பக்கம் அம்மா பெயர் முன்னால் வரும், அப்பா பெயர் கடைசியில் முத்திரை மாதிரி உட்காரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் பொலிவியாவில் நேர்மாறு. அங்கே அப்பாதான் முன்னால் போவார்.

"அவ்வளவுதான்க்கா," என்றான் வாண்டர்லான். "மரத்துக்குப் பின்னாடி கிடேரி இருக்கணும், அவனுங்க கிடேரிக்குப் பின்னாடி மரத்த நட்டுட்டானுங்க. அங்க எல்லாருக்கும் அப்படித்தான். இங்க காட்டினா பசங்க 'வாடா பொலிவியாக்காரா'ம்பானுங்க. அதான் உள்ளயே வச்சிருந்தேன்."

"ஆறு வருஷமா உன் பேரு திரும்பிக் கெடக்கு, நீ ஒரு வார்த்தை கேக்கல?"

"ஊரு வழக்கம்னு நெனச்சேன்."

"வழக்கமாம்!" அப்பாவின் குரல் பக்கத்து வீட்டுக் கிளியை எழுப்பியது. "கள்ளப் பட்டம்! நான் அப்பவே நெனச்சேன்!"

அம்மா தல்வனீரா காப்பிக் கெட்டிலை டங்கென்று வைத்தாள். "அப்பவே நெனச்சவரு எதுக்கய்யா பலகை மாட்டினீரு?"

அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். முட்டை அப்படியே இருந்தது. தட்டில் முட்டையை விட்டுவிட்டு எழுகிற ஆள் இல்லை அவர். ஜுசிலேனி அதைக் கவனித்தாள்.

மேல்முறையீடு செய்ய அன்று மாலை ஆறு மணி வரை அவகாசம். ஆறு என்றால் தலைநகர் பிரசீலியாவின் ஆறு. எங்கள் ஆக்ரி மாநிலத்தில் அப்போது நாலுதான். நாட்டின் இந்த மூலையில் பிறந்தவர்களுக்கு எந்தக் கெடுவிலும் இரண்டு மணி நேரம் முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள்.

"ஹெல்மெட்டப் போடு," என்றாள் தம்பியிடம். "அந்தக் காலேஜ்லயே போய்க் கேப்போம்."

ஆற்றுப் பாலத்தைத் தாண்ட நாலு நிமிஷம். தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். எட்டரைக்குக் கிளம்பியவர்கள் ஒன்பதரைக்குப் பொலிவியாவில் இருந்தார்கள். பின்னால் உட்கார்ந்தபடி அவள் தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். பரிச்சயமான முதுகு. ஆனாலும் கல்லூரிக் காவலாளி இவனை அடையாளம் கண்டு தலையாட்டுகிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள்.

தலையாட்டினான். "என்ன டாக்டர், இப்பெல்லாம் ஆளையே காணோம்?" என்றும் கேட்டான்.

ஒரு சந்தேகம் தீர்ந்தது. படித்திருக்கிறான். ஆனால் ஒரு சந்தேகம் தீர்ந்தால் அந்த இடம் காலியாக இருக்குமா? அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டு மணி நேரம் காக்க வைத்துத்தான் உள்ளே விட்டார்கள். பதிவறையில் தோன்யா நெல்ஃபி இருந்தாள். தோளில் சால்வை, மேசையில் பாதி கடித்த இறைச்சி அப்பம், பார்வையில் பிரேசில்காரர்களைப் பற்றி இருபது வருஷத்து அபிப்பிராயம்.

"பேரைத் திருப்பிட்டீங்கம்மா," என்றாள் ஜுசிலேனி. "நீங்க தப்பா எழுதினீங்கன்னு ஒரு கடிதாசு குடுத்தாப் போதும், நாங்க போயிடறோம்."

"நாங்க திருப்பினோமா?" தோன்யா நெல்ஃபி அப்பத்தைக் கீழே வைத்தாள். "இங்க பாரும்மா. இந்த வருஷம் மட்டும் உங்க நாட்டுப் பிள்ளைங்க எண்பது பேரு பட்டம் வாங்கிருக்காங்க. பட்டியலப் பாரு. எல்லாருக்கும் அம்மா பேரு முன்னாடி, உங்க வழக்கப்படி. நாங்க ஒரு புள்ளிகூட மாத்தறதில்ல. மாத்தினா உங்க ஆளுங்க இங்க வந்து கத்துவாங்க, இப்ப நீ கத்தற மாதிரி."

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல."

"அதுக்குள்ள காட்டிடறேன்."

அலமாரியிலிருந்து ஒரு கோப்பு வந்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன் கல்லூரியில் சேரும்போது கொடுத்த காகிதங்கள். சுருக்கமான பிறப்புச் சான்று செல்லாது, பதிவேட்டின் பக்கத்தையே நகலெடுத்து முத்திரையோடு கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த நகலை அவள் மேசையில் விரித்தாள்.

ஜுசிலேனி குனிந்தாள். கையெழுத்துப் பக்கம். குழந்தையின் பெயர்: வாண்டர்லான் பெசேரா பின்யேரோ.

கடைசி எழுத்தின் வால் தூண்டில் முள் மாதிரி வளைந்து மேலே ஏறியிருந்தது. அந்த வாலை அவள் பள்ளிக்கூட விடுப்புக் கடிதங்களில் பார்த்திருக்கிறாள், பிறந்தநாள் வாழ்த்தில் பார்த்திருக்கிறாள், வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டிய 'பாலை மூடி வைக்கவும்' என்ற அறிவிப்பில் தினமும் பார்க்கிறாள்.

"இந்த நகல உனக்கு யாருடா குடுத்தா?"

"அப்பா ஆபீஸ் எடில்சாதான். அப்பா அப்ப சிறுநீரகக் கல்லுக்குத் தலைநகரத்து ஆஸ்பத்திரில இருந்தாருல்ல? எனக்கு அவசரம். எடில்சா பக்கத்த நகலெடுத்து, முத்திரைக்கு அனுப்பி, உறைல போட்டுத் தந்தா. நான் பிரிச்சுக்கூடப் பாக்கல. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. வண்டிய எடு."

திரும்பும்போது பாலத்தில் லாரி ஒன்று மக்கர் செய்து, வரிசை ஊர்ந்தது. வெயில் தலையில் உட்கார்ந்திருந்தது. அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கும் தம்பிக்கும் எந்தச் சான்று வேண்டுமென்றாலும் அப்பாவே உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். "வீட்லயே ஆபீஸ் இருக்கு, நீங்க எதுக்கு வரிசைல நிக்கணும்?" என்பார். அதைப் பாசம் என்று அவள் நினைத்திருந்தாள். பதிவேட்டில் தன் பக்கம் எப்படி இருக்கும் என்று முப்பத்தெட்டு வயதில் அவளுக்குத் தெரியாது.

பதிவு ஆபீசில் மணி ஒன்றரை. அந்த நேரத்துக்கு அப்பா வீட்டில் ஊஞ்சல்படுக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் அந்தத் தூக்கத்தை இரண்டு முறைதான் விட்டிருக்கிறார். ஒன்று, சிறுநீரகக் கல். மற்றது, ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்த வருஷம். அன்று நூற்றுப் பன்னிரண்டு பதிவேடுகளையும் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றினார். அதற்காக நகராட்சி ஒரு கேடயம் கொடுத்தது. கேடயத்துக்கு மேலே அவரே எழுதி மாட்டிய வாசகம்: 'ஏட்டில் இல்லாதது உலகத்தில் இல்லை.'

இன்று அந்த வாசகத்துக்கு நேர் கீழே, தூங்காமல், புத்தக அலமாரியில் முதுகைச் சாய்த்தபடி நின்றிருந்தார். அலமாரிச் சாவி எப்போதும் தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

அம்மாவும் அங்கே இருந்தாள். சாப்பிட வராத புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். குமாஸ்தா எடில்சா தட்டச்சுப் பலகையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தம்பியோட பிறப்பு முழு நகல் ஒண்ணு வேணும்."

"எதுக்கு? சுருக்கச் சான்று போதும். நானே எழுதித் தரேன்."

"மேல்முறையீட்டுக்கு முழு நகல்தான் கேக்கறாங்க. புத்தகம் அறுபத்தொண்ணு. எடுங்க."

"புத்தகம் பூச்சி மருந்துக்குப் போயிருக்கு."

எடில்சா தலை தூக்கினாள். "பூச்சி மருந்தா? எப்பங்க ஐயா?"

"உன்ன யாரு கேட்டா?"

ஜுசிலேனி கைப்பையைத் திறந்து, தோன்யா நெல்ஃபியிடம் கேட்டு வாங்கிய நகலை எடுத்தாள். மேசையில் வைத்து, அந்தத் தூண்டில் வாலின்மேல் விரலை ஊன்றினாள்.

அப்பா அதைப் படித்தார். இந்த முறை உட்கார்ந்துகொண்டு.

வாண்டர்லான் அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "இது… இங்கேயே இப்படித்தான் இருக்கா? அப்ப அவங்க திருப்பலையா?"

"அவங்க ஏட்டுல இருந்தத எழுதிருக்காங்கடா. திருப்பினவரு உக்காந்திருக்காரு பாரு."

அப்பா, சுற்றறிக்கை வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். "குறிப்பிட்ட நாளன்று, மகன் பிறந்த மகிழ்ச்சியை முன்னிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் நண்பர்கள் அளித்த விருந்தில் கலந்துகொள்ள நேர்ந்தது…"

"குடிச்சுட்டு வந்து எழுதினேன்னு சொல்லுமய்யா," என்றாள் அம்மா.

"…மறுநாள்தான் பாத்தேன். என் பேரு முன்னால நிக்குது. மையில எழுதினத அழிக்க முடியாது. திருத்தணும்னா நீதிபதிகிட்ட மனுப் போடணும். அப்ப நான் வேலைக்கு வந்து ரெண்டு வருஷம். பதிவாளரே தன் பிள்ளை பேரத் தப்பா எழுதினான்னா ஊரு சிரிக்காது? அதனால சான்று எழுதறப்பெல்லாம் நானே சரியா எழுதிட்டேன். அடையாள அட்டை, வரி எண் எல்லாம் அந்தச் சான்ற வச்சு வந்தது. யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?"

"தோனா சுல்மீரா," என்றாள் எடில்சா, யாரையும் பார்க்காமல்.

எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. செத்துப்போன புருஷன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது என்று அந்த விதவையை இதே மேசை எட்டு மாதம் அலைய வைத்தது. செத்தவர் நேரில் வந்து திருத்தட்டும் என்று சொல்லாததுதான் பாக்கி.

"ஏட்டில் இல்லாதது உலகத்தில் இல்லை," என்று வாண்டர்லான் சுவரைப் பார்த்து மெதுவாக வாசித்தான். "அப்ப பலகைல இருக்கறவன் உலகத்துலயே இல்லையாப்பா? இருபத்தொம்போது வருஷமா நான் யாரு?"

அரிஸ்தேவ் என்ற அப்பாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் பதிவாளர் உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "ஒரு வழி இருக்கு. கல்லூரில தப்பா நகலெடுத்துட்டாங்கன்னு நான் ஒரு சான்று எழுதித் தரேன். முத்திரையோட. விஷயம் முடிஞ்சுது."

"அவங்ககிட்ட உங்க பக்கத்தோட நகல் இருக்குப்பா. உங்க கையெழுத்தோட. இவன் தேர்வு எழுதினப்புறம் யாராவது கேட்டா? போலிச் சான்று குடுத்தான்னு இவன உள்ள வைப்பாங்க, உங்கள இல்ல."

"வெள்ளம் வந்தப்ப," என்றாள் அம்மா, சாப்பாட்டுப் பையைத் தடவிக்கொண்டே, "எங்க கல்யாணத்துக்கு வாங்கின ஐஸ்பெட்டிய ஆத்துல விட்டுட்டு இந்தப் புத்தகத்தத் தூக்கிட்டு ஓடினீரே. இந்த ஒண்ண மட்டும் கை நழுவ விட்டிருந்தா எல்லாம் ஆத்தோட போயிருக்கும். ஐஸ்பெட்டியும் மிஞ்சிருக்கும்."

"அது எப்படி விட முடியும்?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். "அது புத்தகம்."

ஜுசிலேனிக்கு அந்த நாளில் முதல்முறையாக அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் சறுக்கியது. தன்னைக் காட்டிக் கொடுக்கிற ஏட்டையும் தலையில் சுமந்து மாடி ஏறியவர். பிடித்து நிறுத்திக்கொண்டாள். மணி இரண்டே முக்கால்.

"அலமாரியத் திறங்கப்பா. முழு நகல் ஒண்ணு. அதுகூட உங்க கையால ஒரு வாக்குமூலம்: ஏட்டுல இருக்கற ஆளும் அடையாள அட்டைல இருக்கற ஆளும் ஒண்ணுதான், நடந்தது இதுன்னு. நீதிபதிகிட்ட திங்கக்கிழமை மனுவும் போடறீங்க."

"வேலை போயிடும்."

"போகலாம். இவனுக்கு வேலை வரவே இல்ல."

சட்டைப் பையிலிருந்து சாவி வந்தது. எடில்சா நகலெடுத்தாள். அப்பா வெள்ளைத் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். எழுத எழுத முதுகு நிமிர்ந்தது. முடித்ததும் எழுந்து நின்று வாசித்தார். "…மேற்படிப் பதிவில் எழுத்துப் பிழை ஏற்பட்டுள்ளது."

"யாரால ஏற்பட்டது?" என்றாள் ஜுசிலேனி.

"அது படிக்கறவங்களுக்குத் தெரியும்."

"தெரியாது. எழுதுங்க."

பேனா தாளின்மேல் வெகுநேரம் நின்றது. வெளியே சாய்ந்துகொண்டிருந்த வெயிலில் ஒரு மோட்டார்சைக்கிள் போயிற்று, அதன் சத்தம் பாலம் வரை கேட்டது. பிறகு அவர் ஒரு சொல்லைச் சேர்த்தார். 'என்னால்.' அந்த ல்லுக்கு வால் எதுவும் போடவில்லை.

மூன்று ஐம்பத்தொன்றுக்குக் கணினி எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு 'பெறப்பட்டது' என்று சொன்னது. பதில் பத்து நாளில். தேர்வு இருபது நாளில். வாண்டர்லான் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து, ஆறிப்போன சாப்பாட்டைத் திறந்து இரண்டு கையாலும் சாப்பிட ஆரம்பித்தான். "பலகையக் கழட்டிடலாமாப்பா?" என்று வாய் நிறையக் கேட்டான். "எந்தப் பேருன்னு முடிவானப்புறம் மாட்டிக்கலாம். அப்படியே அந்தப் பாம்பையும் சரி பண்ணிடலாம்."

அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

அறுபத்தொன்றாம் புத்தகத்தை அவர் அடுக்கில் செருகும்போது ஜுசிலேனி பக்கத்தில் போய் நின்றாள். வரிசையாக எண்கள். அவள் கண் பின்னோக்கி நகர்ந்து நாற்பத்தேழில் நின்றது.

"அப்பா, அது நான் பொறந்த வருஷந்தானே? அதையும் எடுங்க. என் பக்கத்தப் பாக்கணும்."

"உனக்கு எதுக்கு? தேர்வா எழுதப் போற?"

"சும்மாத்தான்."

"அது எனக்கு முந்தின பதிவாளர் எழுதினது. அவரு குடிக்க மாட்டாரு. தப்பெல்லாம் இருக்காது."

"அப்ப எடுக்கறதுல என்ன?"

எடில்சாவின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் நின்றன. காலையிலிருந்து வாய் ஓயாத அம்மா, பையின் நாடாவை மடித்து மடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா அலமாரியைப் பூட்டினார். சாவியை ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினார். அது ஆணிக்குப் போகவில்லை. நடுவழியில் அம்மா கையை நீட்டினாள். கேட்கக்கூட இல்லை. வாங்கி, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள்.